கரகம் தூக்குபவரின் வயிறு

எங்கள் தோட்டத்து ஆட்களுக்குக் கோவில் திருவிழா நெருங்கும்போது ஒருவர் காய்ச்சலில் படுத்தால், முதல் கேள்வி "அப்ப கரகம் யாரு தூக்குறது?" என்பதாகத்தான் இருக்கும். உடம்பு எப்படி இருக்கிறது என்பது இரண்டாவது கேள்வி. அதையும் எல்லோரும் கேட்டுவிடுவார்கள் என்று சொல்ல முடியாது. கரகம் தூக்கும் குடும்பத்தில் இருபது வருஷத்துக்கு மேல் வாழ்ந்தவள் சொல்கிறேன், நம்பலாம்.

தோட்டம் என்று சொல்வது பழக்கத்தில்தான். ஜாசின் டவுனைத் தாண்டி உள்ளே போனால் இப்போது அங்கே எண்ணெய்க்கு வளர்க்கும் செம்பனை மரமும், வெளிநாட்டிலிருந்து வந்து குலை வெட்டும் ஆட்களும், எங்கள் மாரியம்மன் கோவிலும்தான் உண்டு. நாங்கள் குடியிருந்த லயத்து வீடுகளை எப்போதோ இடித்து, அந்த இடத்திலும் செம்பனையை நட்டுவிட்டார்கள். சனமெல்லாம் டவுனுக்குப் போய்விட்டது. வருஷத்துக்கு ஒருமுறை காரில் வந்து இறங்கி, யார் வீடு எந்த மரத்தடியில் இருந்தது என்று சண்டை போட்டுக்கொள்ளும்.

சண்டைக்குக் காரணம் உண்டு. பூச்சுற்றிய கரகத்தைத் தலையில் வைத்துக்கொண்டு வருகிறவர் முன்பெல்லாம் வீடு வீடாக நிற்பார். வாசலில் அந்த வீட்டுப் பெண்பிள்ளை அவர் காலில் மஞ்சள் தண்ணீர் ஊற்றிக் கும்பிடவேண்டும். வீடு போனபின் வழக்கம் மட்டும் போகவில்லை. இப்போது கரகம் மரம் மரமாக நிற்கிறது. ஒவ்வொரு குடும்பமும் தன் வீடு இருந்ததாகச் சொல்லிக்கொள்ளும் மரத்தடியில் ஒரு சின்னக் கூடாரம் போட்டு, குடத்தோடு காத்திருக்கிறது.

அந்தக் கரகம் என் வீட்டுக்காரர் குடும்பத்து உரிமை. மாமனார் தூக்கினார், அவர் போனபின் இவர் தூக்கினார். இவருக்கு வேறு பெருமை எதுவும் கிடையாது. படிப்பு இல்லை. செம்பனைக் குலை வெட்டும் கான்ட்ராக்ட் வேலை. டுரியான் துங்காலில் வாடகை வீடு. நான் அங்கே ஒரு கல்லூரி கேண்டீனில் சோறு வடிப்பவள். வருஷம் முழுக்க முதலாளிகளிடமும் மேஸ்திரிகளிடமும் திட்டு வாங்குகிற மனுஷன், அந்த ஒரு நாள் மட்டும் சாமி. திட்டிய மேஸ்திரி வீட்டு அம்மாவும் அன்றைக்கு அவர் காலில் தண்ணீர் ஊற்றுவார். அந்த ஒரு நாளுக்காகத்தான் மற்ற நாட்களைப் பொறுத்துக்கொண்டார் என்று எனக்குத் தெரியும்.

அதே உரிமை இன்னொருவனுக்கும் இருந்தது. இவருடைய சித்தப்பா மகன், எனக்குக் கொழுந்தன். ஜாசினில் டயர் கடை வைத்திருக்கிறான். பேச்சில் தேன் ஒழுகும். "அண்ணன் இருக்கறவரைக்கும் நான் அந்தப் பக்கமே பாக்க மாட்டேன் அண்ணி" என்று ஒவ்வொரு வருஷமும் சொல்வான். கேட்காமலே ஒருவன் இப்படிச் சொல்கிறான் என்றால் அந்தப் பக்கம்தான் பார்த்துக்கொண்டிருக்கிறான் என்று அர்த்தம். இவருக்கு அது புரியாது.

அந்த வருஷம் திருவிழாவுக்குக் கொஞ்ச நாள் முன்பு, இவர் காலில் செம்பனை முள் ஏறியது. சப்பாத்தின் அடியைத் துளைத்துக்கொண்டு உள்ளங்காலில் இறங்கி, முனை முறிந்து உள்ளேயே நின்றுவிட்டது. முள் குத்துவது அந்த வேலையில் தினமும் உள்ளதுதான். ஆனால் இவருக்கு இனிப்புநீர் வியாதி, புண் லேசில் ஆறாது. கால் வீங்கிப் பளபளவென்று ஆனபிறகுதான் என்னிடம் காட்டினார். ஆஸ்பத்திரியில் படுக்கவைத்து, கீறிச் சீழை எடுத்து, வீட்டுக்கு அனுப்பும்போது ஒரு பை நிறைய ஆன்டிபயாடிக் கொடுத்தார்கள். பெரிய சிவப்பு நிறக் கேப்சூல்கள். பை தீரும்வரை விடாமல் சாப்பிட வேண்டும் என்றார்கள்.

கால் வற்ற ஆரம்பித்தது. வயிறு போக ஆரம்பித்தது.

ஒரு காலை ஊன்ற முடியாத மனுஷனுக்கு வயிற்றுப்போக்கு வந்தால் எப்படி இருக்கும் என்று நான் விளக்கப்போவதில்லை. நான் தாங்கிப்பிடித்துக் கழிப்பறைக்குக் கொண்டுபோவேன். பாதி நேரம் போய்ச் சேருவோம். மீதி நேரம் நான் தரையைக் கழுவுவேன். அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு குழந்தை மாதிரி அழுவார். காலை நினைத்து அழுகிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். "இப்பிடிப் போனா காப்புக் கட்ட மாட்டாங்கடி. கரகத்த வச்சுக்கிட்டு வழியில போயிட்டா என்னா பண்றது?" என்றார். எனக்கு வந்த ஆத்திரத்தில் வாளியை உதைத்தேன். அதையும் நானே துடைத்தேன்.

மறுநாள் வேலை முடிந்து பாயா ரும்புட்டில் ஒரு மருந்துக்கடைக்குப் போனேன். கவுன்டரில் ஒரு சீனப் பெண். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு மலாயில் பொறுமையாக விளக்கினாள். ஆன்டிபயாடிக் கெட்ட கிருமியைக் கொல்லும்போது வயிற்றில் உள்ள நல்ல கிருமியையும் சேர்த்துக் கொல்கிறது. சிலருக்கு அதனால் வயிறு போகும். வெளியிலிருந்து நல்ல கிருமியைக் கொடுத்துப் பார்க்கலாம், அதற்குப் பெயர் புரோபயோடிக். ஆன்டிபயாடிக்கோடு சேர்த்து விழுங்கக்கூடாது, விழுங்கினால் அது இதையும் கொன்றுவிடும். இரண்டு மணி நேரம் இடைவெளி வேண்டும். குளிர்பெட்டியில் வைக்க வேண்டும். ஆன்டிபயாடிக் முடிந்த பிறகும் கொஞ்ச நாள் தொடர வேண்டும். எல்லோருக்கும் கேட்கும் என்று சொல்ல முடியாது, ரத்தம் போனாலோ காய்ச்சல் வந்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும். கடைசியாக, "உபாட் து காசி ஹாபிஸ் ஆ, அண்டி" என்றாள். ஆஸ்பத்திரி மருந்தை முழுவதும் தீர்த்துவிட வேண்டும், பாதியில் நிறுத்தக்கூடாது என்று அர்த்தம்.

அந்தக் கேப்சூல் புட்டியைக் கொண்டுவந்து இவர் கையில் கொடுத்தேன். விரதம் எடுக்கப்போகிறவர் அல்லவா, வாயில் போடும் எதையும் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். பார்த்தார், முகம் தெளிந்தது.

"ஹலால் போட்டிருக்குலா. பயப்பட ஒண்ணுமில்ல."

இந்த நாட்டில் பிறந்து வளர்ந்த எங்களுக்கு அந்த முத்திரையைப் பார்த்தால் ஒரு நிம்மதி. பிஸ்கட்டோ, சவர்க்காரமோ, எதை வாங்கினாலும் கண் அதைத்தான் முதலில் தேடும். பன்றி கலக்காதது, சுத்தமாகச் செய்தது என்று நினைத்துக்கொள்வோம். அது இஸ்லாமியருக்கான அடையாளம், மாட்டைப் பற்றி அதற்கு எந்தக் கவலையும் இல்லை என்பது மாட்டிறைச்சி தொடாத எங்கள் மூளைக்கு எட்டியதே கிடையாது. கேப்சூலுக்கு ஓடு என்று ஒன்று உண்டு, அதை எதிலாவது செய்துதானே ஆக வேண்டும் என்று இவருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

சில நாட்களில் வயிறு நின்றது. புண்ணும் காய்ந்துகொண்டு வந்தது. கரகம் தூக்குகிறவர் தீயும் மிதிப்பது வழக்கம். அது கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டதால், கரகத்தை மட்டும் தூக்குகிறேன், தீக்குழியைச் சுற்றி வந்துவிடுகிறேன் என்று கோவில் தலைவரிடம் கெஞ்சி இவர் சம்மதம் வாங்கினார். மஞ்சள் கட்டிய காப்பு மணிக்கட்டில் ஏறியது. வீட்டில் மீனும் முட்டையும் நின்றன. இவர் தரையில் பாய் போட்டுப் படுத்தார். எனக்குத் தெரிந்து அந்த மனுஷன் அத்தனை சந்தோஷமாக இருந்தது அந்த வாரம்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கொழுந்தனும் அவன் பெண்டாட்டியும் இவரைப் பார்க்க வந்தார்கள். என் ஓரகத்தி ஒரு பேரங்காடியில் காசாளராக இருக்கிறாள். எந்தப் பொருளைக் கையில் எடுத்தாலும் பின்பக்கம் திருப்பிப் படிக்கிற பழக்கம் அவளுக்கு. ஆரஞ்சுப் பழம் கொண்டுவந்திருந்தாள். "நீங்க உக்காருங்கக்கா, நானே ஐஸ்பெட்டியில வச்சிடறேன்" என்று சமையலறைக்குப் போனாள். வர நேரமானது. வந்தபோது முகத்தில் ஒரு பளபளப்பு இருந்தது. "சீக்கிரம் கொணமாயிடும் மாமா" என்று இவரிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

சாயங்காலம் கோவில் வாட்ஸ்அப் குழுவில் படம் வந்தது. எங்கள் குளிர்பெட்டிக்குள் இருந்த புட்டி. பின்பக்கத்துப் பொடி எழுத்தில் ஒரு வரியைச் சுற்றிச் சிவப்பு வட்டம். கெலாதின் லெம்பு. கெலாதின் என்பது ஓடு செய்கிற பசை; லெம்பு என்றால் மாடு என்று இந்த நாட்டில் நண்டு சிண்டுக்கெல்லாம் தெரியும். படத்துக்குக் கீழே ஓரகத்தி எழுதியிருந்தாள்: 'காப்புக் கட்டியவர் வீட்டில் எடுத்தது. மனசு கேக்கல. ஆத்தா மன்னிக்கணும்.' கூடவே கும்பிடுகிற கைகள்.

பிறகு வந்தவற்றை இவர் ஒவ்வொன்றாகப் படித்தார். வேண்டாம் என்று நான் போனைப் பிடுங்கியும் திரும்ப வாங்கிப் படித்தார். ஒருவர் தலையில் அடித்துக்கொள்ளும் படம் போட்டிருந்தார். ஒருவர் 'கறி ருசி எப்படி இருந்துச்சாம்' என்று கேட்டிருந்தார். அதற்குக் கீழே வரிசையாகச் சிரிப்பு. சிரித்தவர்கள் எல்லோரும் போன வருஷம் இவர் காலைக் கழுவியவர்கள்தான்.

கோவிலில் கூட்டம் போட்டார்கள். பெண்கள் பின்வரிசையில் உட்கார வேண்டும். நான் முன்னால் போய் நின்றேன். இவர் கைத்தடியை ஊன்றிக்கொண்டு குற்றவாளி மாதிரி நடுவில் நின்றார். உட்காரச் சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை.

"தெரியாம நடந்துருச்சு தலைவரே" என்றார் இவர்.

"தெரிஞ்சா என்ன, தெரியாட்டி என்ன? உள்ள போனது போனதுதானே?" என்றார் தலைவர். முடிவு எடுத்துவிட்டுத்தான் கூட்டத்துக்கு வந்திருந்தார் என்று குரலிலேயே தெரிந்தது.

எனக்குப் பொறுக்கவில்லை. "தலைவரே, நீங்க தெனமும் மீனெண்ணெ கேப்சூல் முழுங்கறீங்களே, அதுக்கு ஓடு எதுல செஞ்சதுன்னு பாத்தீங்களா? இங்க இருக்கறதுல யாரு கேப்சூல் முழுங்காத ஆளு, கையத் தூக்குங்க பாப்போம்."

யாரும் தூக்கவில்லை. தலைவர் மட்டும் சட்டைப் பையைத் தடவிக்கொண்டே, "நான் காப்புக் கட்டலியேம்மா" என்றார். கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள்.

"சரி. இனிமே ஓட்டப் பிரிச்சு எறிஞ்சுட்டு, உள்ள இருக்கற மாவ மட்டும் மோர்ல கலந்து குடுக்கறேன். பரிகாரம் ஏதாச்சும் சொல்லுங்க, செஞ்சுடறோம்."

பின்வரிசையிலிருந்து ஓரகத்தியின் குரல் வந்தது. "ஓட்டத் தொட்ட மாவும் அதேதாங்கா."

அப்போதுதான் கொழுந்தன் எழுந்தான். குனிந்த தலை, கட்டிய கை. "அண்ணே, கோவிச்சுக்காதீங்க. ஒங்க நல்லதுக்குத்தான் சொல்றேன். அந்த ஆஸ்பத்திரி மருந்தும் கேப்சூல்தானே? இன்னைக்குக் காலையிலயும் முழுங்கிட்டுத்தானே இந்த வாசப்படி ஏறுனீங்க? ஆத்தா எப்பிடிண்ணே தாங்குவா?"

இவர் முகம் செத்துப்போனது. புட்டியைப் பற்றிச் சொன்னதையெல்லாம் தாங்கிக்கொண்டு நின்ற மனுஷன், இதைக் கேட்டதும் தடியோடு ஆடினார். நான் போய்ப் பிடித்தேன்.

பூ நறுக்க வைத்திருந்த கத்தரிக்கோலால் இவர் மணிக்கட்டிலிருந்த காப்பைத் தலைவர் வெட்டினார். கீழே விழுந்த மஞ்சள் துண்டை இவர் குனிந்து எடுக்கப் போனார். முடியவில்லை. புதுக் காப்பு கொழுந்தன் கையில் ஏறியது. "அண்ணன் ஆசீர்வாதம் இல்லாம நான் தூக்க மாட்டேன்" என்று அழுதான். கண்ணீர் நிஜமாகவே வந்தது. இவரும் அவன் தலையில் கை வைத்தார். வீட்டுக்கு வந்து பார்த்தபோது என்னைக் குழுவிலிருந்து நீக்கியிருந்தார்கள்.

அன்றைக்கே இவர் மருந்துப் பையைத் தூக்கிக் குப்பையில் போட்டார். புரோபயோடிக் புட்டி மட்டும் அல்ல, சிவப்புக் கேப்சூலும்தான். பாதிப் பை மிச்சம் இருந்தது. "ஆத்தாகிட்ட மன்னிப்புக் கேக்கறவரைக்கும் எந்த ஓடும் என் வாயில போவாது" என்றார். நான் கெஞ்சினேன், திட்டினேன், சாமியையும் சேர்த்துத் திட்டினேன். சிவப்புக் கேப்சூலைக் குப்பையிலிருந்து எடுத்து, அவருக்குத் தெரியாமல் பிரித்து மோரில் கலந்து கொடுத்தேன். கசப்பு நாக்கில் பட்டதுமே கண்டுபிடித்துவிட்டார். என் முகத்தைப் பார்த்துக்கொண்டே சிங்க்கில் துப்பினார். ஆஸ்பத்திரிக்குப் போய் ஓடு இல்லாத மாத்திரை கேட்கலாம் என்றேன். திருவிழா முடியட்டும் என்றார்.

திருவிழா அன்றைக்குக் காலையிலிருந்து வெயிலில் நின்றார். கட்டுப் போட்ட காலோடு, செருப்பில்லாமல், மன்னிப்புக் கேட்டுக்கொண்டே நின்றார். கொழுந்தன் கரகத்தோடு எங்கள் மரத்தடிக்கு வந்தான். நான் தண்ணீர் ஊற்ற மாட்டேன் என்றேன். இவரே குடத்தை வாங்கி, குனிந்து, தம்பியின் காலைக் கழுவினார். மஞ்சள் தண்ணீர் இவர் காலின் கட்டிலும் பாய்ந்து சகதியாகியது.

அதன்பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. புண் கறுத்தது. காய்ச்சலில் பிதற்றினார். ஆஸ்பத்திரியில் ஒரு இளம் டாக்டர், மலாய்ப் பெண், மருந்தை ஏன் பாதியில் நிறுத்தினீர்கள் என்று கேட்டார். "சாமிக்காக" என்று நான் சொன்னேன். அந்தப் பெண் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

ஓரகத்தி ஆஸ்பத்திரிக்கும் ஆரஞ்சுப் பழத்தோடு வந்தாள். "ஆத்தா சோதிக்கறாக்கா" என்று என் கையைப் பிடித்தாள். அவள் போனபின் இரண்டு பழத்தை உரித்துத் தின்றேன். நல்ல இனிப்பு.

கால் போனபின் இவருக்கு எதன்மேலும் கூச்சம் இல்லாமல் போயிற்று. வெட்டிய இடம் அடிக்கடி சீழ் கோர்த்தது. ஒவ்வொரு முறையும் ஆன்டிபயாடிக், ஒவ்வொரு முறையும் வயிறு, ஒவ்வொரு முறையும் நான் பாயா ரும்புட்டுக்குப் போய் அதே புட்டி. ஓடு வேறு விதமாகச் செய்ததும் கடையில் உண்டு, செடியிலிருந்து செய்ததாம், அதை வாங்கட்டுமா என்று கேட்டேன். "காப்பு இல்லாதவனுக்கு எந்த ஓடா இருந்தா என்ன?" என்று பழையதையே வாங்கச் சொன்னார். மாட்டு ஓட்டை ஒவ்வொரு நாளும் வேண்டுமென்றே விழுங்கினார் என்றுதான் எனக்குத் தோன்றியது. தன்னையே தண்டித்துக்கொள்ள அவருக்கு அது ஒரு வழி. அதைப் பார்த்துக்கொண்டிருப்பது எனக்குத் தண்டனை.

அடுத்த திருவிழா வந்தது. கொடியேறி, கொழுந்தன் காப்புக் கட்டியிருந்தான். ஒருநாள் மத்தியானம், நல்ல மழை. இவர் பின்னறையில் டிவி பார்த்துக்கொண்டிருந்தார். வாசலில் ஓரகத்தி குடையில்லாமல் நின்றாள். உள்ளே வரச்சொன்னேன். வராமல் கிரில் கதவைப் பிடித்துக்கொண்டே குரலைத் தாழ்த்தினாள்.

"அக்கா, அந்த மருந்து இருக்கா?"

"எந்த மருந்து?"

"மாமாவுக்கு வயித்துக்குக் குடுப்பீங்களே… அது."

கொழுந்தனுக்குக் கடைவாய்ப் பல்லில் சீழ் பிடித்துத் தாடை வீங்கிவிட்டதாம். கிளினிக்கில் ஆன்டிபயாடிக் கொடுத்தார்களாம். வீக்கம் வற்றிவிட்டது, ஆனால் வயிறு நிற்கவில்லை. கடையில் உட்கார முடியவில்லை. திருவிழாவுக்கு இன்னும் சில நாள்தான் இருக்கிறது. சொல்லும்போதே அழுதாள்.

"மருந்துக்கடையில போயி வாங்க வேண்டியதுதானே?"

"ஜாசின்ல நான் என்ன வாங்குனாலும் யாராச்சும் பாத்துருவாங்கக்கா. குரூப்புல போட்டுருவாங்க."

இதைச் சொல்லிவிட்டு, என்ன சொன்னோம் என்பது உறைத்து, தரையைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்துக்கொண்டே நின்றேன். வேண்டிய மட்டும் பார்த்தேன்.

"எங்க கொழுந்தன்?"

"கார்ல."

குளிர்பெட்டியைத் திறந்து புட்டியை எடுத்தேன். ஒரு டம்ளரில் தண்ணீரும் எடுத்துக்கொண்டு மழையில் இறங்கிக் காரருகே போனேன். கொழுந்தன் கண்ணாடியை இறக்கினான். கன்னம் ஒட்டி, உதடு காய்ந்து, பாதி ஆளாக இருந்தான். ஓட்டும் சக்கரத்தின் மேலிருந்த கையில் மஞ்சள் காப்பு. ஓரகத்தி பின்னாலேயே ஓடி வந்தாள்.

"அக்கா, ஓட்டப் பிரிச்சுட்டு மாவ மட்டும் மோர்ல…"

"ஓட்டத் தொட்ட மாவும் அதேதான்னு நீதானம்மா சொன்ன? அப்பறம் எதுக்குப் பிரிக்கணும்? அப்பிடியே முழுங்கட்டும்."

கேப்சூல் ஒன்றை என் உள்ளங்கையில் கொட்டி நீட்டினேன். கொழுந்தன் அதைப் பார்த்தான், காப்பைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். வயிறு மறுபடி முறுக்கியிருக்க வேண்டும், முகம் கோணியது. சட்டென்று எடுத்து வாயில் போட்டுத் தண்ணீரைக் குடித்தான். தொண்டையில் அது இறங்கும்வரை நான் பார்த்தேன்.

"கிளினிக் மருந்துக்கும் இதுக்கும் ரெண்டு மணி நேரம் கேப் விடுங்க தம்பி. அது முடிஞ்சாலும் இத நிறுத்தாதீங்க, கொஞ்ச நாளைக்குச் சாப்புடுங்க" என்று புட்டியை அவன் மடியில் போட்டேன். "முக்கியமா, கிளினிக் மருந்தப் பாதியில நிறுத்திடாதீங்க. நிறுத்துனா என்ன ஆவும்னு ஒங்களுக்குத் தெரியும்."

"அண்ணி, யாருகிட்டயும்…"

"நான் யாருகிட்ட சொல்லப் போறேன்? நான்தான் குரூப்புலயே இல்லியே."

கைபேசி என் பையில்தான் இருந்தது. ஒரு படம் எடுத்திருக்கலாம். எடுத்திருந்தால் ஒரு நாள் கூத்து நடந்திருக்கும், கத்தரிக்கோல் வந்திருக்கும், கரகம் வேறொருவன் தலைக்குப் போயிருக்கும். எனக்கு அது போதாது. இவனே தூக்க வேண்டும். இவனே எங்கள் மரத்தடிக்கு வர வேண்டும். நல்ல எண்ணம் இல்லைதான். எனக்கு அன்றைக்கு நல்ல எண்ணம் எதுவும் தேவைப்படவில்லை.

உள்ளே போனதும் இவர் கேட்டார். "யாரு வந்தா?"

"காரத் திருப்ப வழி கேட்டாங்க" என்றேன்.

கொழுந்தன் வயிறு நின்றது. நல்ல கிருமி நிறுத்தியதா, கிளினிக்காரன் நிறுத்தினானா, தானாகவே நின்றதா, எனக்குத் தெரியாது. திருவிழா அன்றைக்குக் கரகம் கிளம்பிவிட்டது என்று மேளச் சத்தம் சொன்னது.

எங்கள் மரத்தடியில் இவரைச் சக்கர நாற்காலியில் உட்காரவைத்திருந்தேன். செம்பனை மட்டைகளுக்கு நடுவில் சக்கரம் புதைந்தது. மண்ணில் ஒரு பலகையைப் போட்டு நிறுத்தினேன். காலில்லாத பக்கத்தை வேட்டியால் மூடிக்கொண்டு, திருநீறு பூசி, காத்திருந்தார். உறுமி மேளம் நெருங்க நெருங்க இவர் கை நாற்காலியின் கைப்பிடியில் தாளம் போட்டது. தான் ஆடிய தாளம் அல்லவா?

கொழுந்தன் வந்து நின்றான். தலையில் பூங்கரகம், நெற்றியில் சந்தனம், கண் பாதி மூடியிருந்தது. பக்கத்தில் ஓரகத்தி தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். என்னைப் பார்த்ததும் அவள் தட்டைக் கொஞ்சம் மார்போடு அணைத்துக்கொண்டாள். பின்னால் தலைவர், அவருக்குப் பின்னால் மொத்தக் குழுவும். இந்த வருஷம் குடத்தை நான் எடுத்தேன். இவர் என்னை நன்றியோடு பார்த்தார். ஒருவழியாக எனக்குப் புத்தி வந்துவிட்டது என்று நினைத்திருப்பார்.

குனிந்து அவன் காலில் மஞ்சள் தண்ணீரை ஊற்றினேன். இரண்டு கால். பத்து விரலும் ஒழுங்காக இருந்தன. கையால் தேய்த்துக் கழுவினேன். நிமிர்ந்து பொட்டு வைக்கும்போது அவன் காதருகே வாயைக் கொண்டுபோய்க் கேட்டேன்.

"தம்பி, வயிறு எப்பிடி இருக்கு? ஓடு செரிச்சிருச்சா?"

அவன் கண் முழுதாகத் திறந்தது. கரகம் ஆடியது. ஒரு கையால் அதைப் பிடித்தான், பிறகு இரண்டு கையாலும் பிடித்தான். உடம்பு முழுக்க நடுங்கியது, வாய் கோணி ஏதோ ஒரு சத்தம் வந்தது. "ஆத்தா எறங்கிட்டா!" என்று யாரோ கத்தினார்கள். பெண்கள் குலவையிட்டார்கள். மேளக்காரர்கள் வெறிபிடித்து அடித்தார்கள். தலைவர் செருப்பைக் கழற்றிவிட்டு அந்தச் சகதியிலேயே விழுந்து கும்பிட்டார். அவன் என்னிடமிருந்து விலகப் பின்னால் பின்னால் போனான். அதையும் ஆட்டம் என்றே நினைத்து எல்லோரும் வழிவிட்டார்கள்.

இவர் நாற்காலியிலிருந்து எழப்போவது மாதிரி முன்னால் சாய்ந்து, இரண்டு கையையும் தலைக்குமேல் கூப்பியிருந்தார். கண்ணீர் தாரை தாரையாக வழிந்தது. என் சேலையைப் பிடித்து இழுத்தார்.

"பாத்தியாடி? எத்தன மரம் தாண்டி வந்தா, எங்கயும் எறங்கல. நம்ம மரத்தடியிலதான் எறங்குனா. என்ன மன்னிச்சுட்டா."

நான் குடத்தைக் கீழே வைத்தேன்.

"ஆமாங்க" என்றேன். "மன்னிச்சுட்டா."